மூணாவது விஷயம் சூப்பர்

அந்த லிஃப்ட் கம்பெனியின் ஸ்டோர்காரருக்கு வாரம் நாற்பத்தொரு செய்திமடல்கள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தன. சொந்தபந்தத்தில் மொத்தமாகச் சேர்த்தாலும் அவரைத் தேடி இத்தனை பேர் வந்ததில்லை. லிஃப்ட் பாகம் செய்கிறவர்களின் பாதுகாப்பு அறிவிப்பு, இரும்பு விலை, கட்டட விதிமுறை, கடல் விலங்குகள், சீக்கிரம் தூங்குவதற்கான வழிகள், தூங்காமல் வேலை பார்ப்பதற்கான வழிகள் என்று எல்லாம் அதில் அடக்கம். "எதை விடறோமோ அதுலதான் முக்கியமானது இருக்கும்" என்பது அவர் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் இந்தக் கட்சி படுதோல்வி அடைந்தது. சாமான் கேட்டு ஜன்னலில் ஆள் நிற்கிறது. இவரோ போனில் ஆக்டோபஸ் பற்றிய கட்டுரையில் முங்கிக் கிடக்கிறார். அதற்கு மூன்று இதயமாம். மனுஷனுக்கு இருக்கிற ஒன்றே ஒழுங்காக ஓடுவதில்லை, அதற்கு மூன்றா என்ற வியப்போடு எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதிலாக ஆறு மில்லிமீட்டரை எடுத்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டவர்' என்ற கட்டத்தில் 'ஆக்டோபஸ்' என்று அழகாக எழுதி வைத்தார். மாதக் கடைசியில் மேனேஜர் மேடம் அவரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"இந்த ஆக்டோபஸ் நம்மகிட்ட எந்த ஷிஃப்ட்?"

ஸ்டோர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"படிக்கவே கூடாதுன்னு சொல்லல," என்றார் மேடம். "காலைல எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும் படிங்க. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஒன்பதுக்கு மேல போன் டிராயருக்குள்ள. படிச்சதுல எங்களுக்கு உதவறதை வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பக்கமா எழுதி எல்லாருக்கும் அனுப்புங்க. ரெண்டு வருஷம் பார்க்கறேன். ஒரே ஒருத்தர் ஒழுங்கா படிச்சிருந்தாலும் போதும், அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான். இல்லேன்னா எட்டு மணிக்கே போல்ட் எண்ண உட்காருங்க."

அன்றிலிருந்து ஸ்டோர்காரர் ஆளே மாறிப்போனார். மடல்களுக்கென்று தனியாக ஒரு முகவரி தொடங்கினார். வீட்டுக் கடிதம், பேங்க் கடிதம் எதுவும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வருகிற மடலெல்லாம் தானாகவே பிரிந்து இரண்டு ஃபோல்டர்களில் போய் உட்காரும்படி விதி எழுதினார். உடனே ஊருக்குச் சொல்ல வேண்டிய பாதுகாப்பு அறிவிப்பு 'இன்றே' என்ற ஃபோல்டருக்கு. ஆற அமரப் படிக்கலாம் என்பது 'வெள்ளி'க்கு. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதன் பெயர் 'மோட்சம்'. எந்த மடலையும் தொடர்ந்து மூன்று வாரம் திறக்கவில்லை என்றால் அதற்கு விடுதலை, சந்தா ரத்து. "மூணு வாரம் கதவைத் தட்டியும் திறக்கலேன்னா அந்த வீட்ல நமக்கு வேலை இல்ல" என்று அதற்கு ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தார். தூக்கம் பற்றிய மடல்கள் முதல் மாதமே மோட்சம் போயின. ஆக்டோபஸ் மட்டும் நான்கு மாதம் இழுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த ஒரு பக்கம், ஆபீசில் இருக்கும் ஏழு பேருக்கும் தானாகக் கிளம்பிப் போகும். ஆறு பேர் ஒரு வரி பதில் போட்டதில்லை. வரவேற்பில் இருக்கும் பெண், "அண்ணே, உங்க லெட்டர் வந்தாதான் வாரம் முடிஞ்சுதுன்னே தெரியுது. திறக்கறதில்ல, ஆனா தெரியுது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். ஸ்டோர்காரர் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆனால் ஏழாவது ஆள் இருந்தான். மெக்கானிக். ஸ்டோர்காரரின் தங்கையைக் கட்டியவன். அதற்கு முன்பே பத்து வருஷச் சிநேகிதன் என்பதால் 'வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை' என்ற சடங்கெல்லாம் கிடையாது. வாடா போடாவில் தொடங்கி, கல்யாணத்துக்குப் பிறகு தங்கையின் முறைப்புக்குப் பயந்து 'வா மாப்ள, போ மாப்ள' என்ற அளவில் வந்து நின்றிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் நான்கு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவனிடமிருந்து பதில் வந்துவிடும்.

'படிச்சேன் மச்சான். மூணாவது விஷயம் சூப்பர்.'

முதல் பதிலைப் பார்த்தபோது ஸ்டோர்காரருக்குச் சந்தோஷம். ஐந்தாவதில் ஆச்சரியம். பத்தாவதில் அவருக்கு ஒரு உண்மை புலப்பட்டது: மாப்பிள்ளையின் ரசனை மூன்றாம் இடத்தில்தான் குடியிருக்கிறது. அப்புறமென்ன, வாரத்திலேயே சிறந்த சமாசாரம் எதுவோ அதைப் பொத்திப் பொத்தி மூன்றாவதாக வைக்க ஆரம்பித்தார். வியாழக்கிழமை முழுக்க அந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கவே சரியாக இருந்தது. இரண்டே நிமிஷத்தில் ஒரு பக்கத்தை வாசித்துப் பதிலும் போடுகிற வேகத்தைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குக் குடல்வால் ஆபரேஷன். மூன்றரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள், ஐந்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். நான்கு இரண்டுக்குப் பதில் வந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் பார்த்து ஸ்டோர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்கு, அப்பவும் படிச்சிருக்கான் பாருங்க" என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரிடம் காட்டினார். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இப்போது அந்த இரண்டு வருஷம் முடிகிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம், சாட்சியோடு வரச் சொல்லியிருந்தார் மேடம். ஸ்டோர்காரருக்குக் கவலையே இல்லை. நூற்று நான்கு பதில்கள் கையில் இருந்தன.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றான்.

"மச்சான், கதவுப் பூட்டு நாலு எடு. அஞ்சு மாடி வீட்டுக்கு மாட்டணும். புதுப் பெட்டி வந்திருக்குல்ல, நீல ஸ்டிக்கர் ஒட்டினது, அதுவே குடு."

பெட்டிப் பக்கம் திரும்பிய ஸ்டோர்காரர் பாதியில் நின்றார். போன வெள்ளிக்கிழமைக் கடிதத்தின் மூன்றாவது விஷயமே அந்தப் பூட்டுதான். லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து நிற்காவிட்டாலும் வெளிக்கதவு திறந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது, நீல ஸ்டிக்கர் பூட்டை யாரும் மாட்ட வேண்டாம் என்று செய்தவர்களே அறிவித்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை லெட்டர் பார்த்தியா மாப்ள?" என்று கேட்டார்.

"என்ன மச்சான் கேள்வி இது? பார்க்காம இருப்பேனா? பதில்கூடப் போட்டேனே."

"போட்டே, போட்டே. அந்த மூணாவது விஷயம்..."

"சூப்பர்!" என்றான் மெக்கானிக். கட்டை விரலையும் தூக்கிக் காட்டினான்.

கதவைத் திறந்தால் உள்ளே லிஃப்ட் இருக்காது, ஐந்து மாடிப் பள்ளம்தான் இருக்கும் என்கிற செய்தியில் சூப்பராக இருப்பது எது என்று ஸ்டோர்காரர் நிதானமாக யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. நீலப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, பழைய சரக்கில் நாலு பூட்டை எடுத்துக் கொடுத்தார்.

"இது பழசாச்சே மச்சான்?"

"பழசைத்தான் இப்ப நம்ப முடியுது."

மெக்கானிக் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

போன் டிராயரில் இருக்க வேண்டிய நேரம்தான். இருந்தாலும் எடுத்தார். நூற்று நான்கு பதில்களையும் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு போனார். நான்கு இரண்டு, நான்கு இரண்டு, நான்கு இரண்டு. ஒரு முற்றுப்புள்ளிகூட இடம் மாறவில்லை. ஒரு வாரம் இரண்டே விஷயம்தான் எழுதியிருந்தார். அதற்கும் மூணாவது சூப்பராக இருந்திருக்கிறது. அதைக்கூடத் தான் கவனிக்காமல் புளகாங்கிதம் அடைந்திருக்கிறோமே என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. ஆபரேஷன் நாளின் பதிலில் வந்து விரல் நின்றது. அன்று கலங்கிய கண்ணீரை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

மறுநாள் சாயங்காலம் நேரே தங்கையைப் பார்க்கப் போனார். அவள் ஒரு பல் டாக்டரிடம், வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். 'உங்கள் பல்லை நாங்கள் மறக்கவில்லை' என்று ஆறு மாதத்துக்கொரு முறை ஊரில் பாதிப் பேருக்கு நினைவூட்டல் போவது அவள் கைவண்ணம்தான்.

"என்னண்ணா, பல்லா?"

"பல் நல்லாத்தான் இருக்கு. உன் வீட்டுக்காரன் என் லெட்டருக்குப் போடற பதில் இருக்கே, அது யார் போடறது?"

தங்கை கீபோர்டைப் பார்த்தாள். பிறகு, காத்திருந்த ஒரு கிழவரை, கூப்பிடாமலே உள்ளே போகச் சொன்னாள்.

"கத்தாதண்ணா. ஆளுங்க இருக்காங்க."

"நான் எங்க கத்தினேன்?"

"கத்தப் போற மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "முதல் தடவை அவரேதான் படிச்சார். சத்தியமா. 'மூணாவது விஷயம் சூப்பர்'னு அவரே அடிச்சதுதான். உனக்கு அன்னிக்குத் தலைகால் புரியல, எனக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பேசினே. அடுத்த வாரம் அவருக்குப் படிக்க நேரமில்ல. அவருக்குப் படிக்கறதுன்னாலே கொட்டாவி வரும்னு உனக்கே தெரியும். பதில் வரலேன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பே. நடுவுல மாட்டிக்கிட்டு நான் என்ன பண்றது? அதையே எடுத்து, உன் லெட்டர் வந்தா தானாப் போற மாதிரி நிரந்தரமாக்கிட்டேன்."

"உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நீதான்."

அவருக்கும் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, வருகிற கடிதத்தை எப்படித் தானாகப் பிரிப்பது, தானாக எப்படிப் பதில் அனுப்புவது என்று, வேண்டாம் வேண்டாம் என்றவளை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இது அதற்கும் ஒரு படி மேல். மந்திரத்தையும் எழுதிக் கொடுத்து, உச்சரிப்பையும் திருத்தியிருந்தார்.

"அந்த லெட்டர் எங்க போகுது?"

"ஒரு ஃபோல்டருக்கு."

"பேர் என்ன?"

தங்கை ஸ்டேப்ளரை நேராக வைத்தாள். பிறகு கோணலாக வைத்தாள்.

"மோட்சம்," என்றாள். "நீ வெச்ச பேருதானேண்ணா. நல்லா இருந்துச்சு."

ஸ்டோர்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில், சொத்தைப் பல் ஒன்று அழுதுகொண்டிருக்கும் படம் மாட்டியிருந்தது.

"அந்த ஆறு பேர் படிக்கல, பதிலும் போடல," என்றார் கடைசியில். "அவங்களைத் திட்டிட்டுத் திரிஞ்சேன் நான். கடைசில பார்த்தா அவங்கதான் யோக்கியங்க."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதானே..."

"ஆபரேஷன் அன்னிக்கு நான் வராந்தால நின்னு அழுதேன். நீ பக்கத்துல நின்னே."

"நின்னேன்."

"நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, வெள்ளிக்கிழமை மீட்டிங்ல அவர் உனக்காகத்தான் பேசப் போறார். வீட்ல ரெண்டு தடவை பேசியே பார்த்துட்டார். அந்த ஒரு மணி நேரம் உனக்குக் கிடைச்சிடும். அதைக் கெடுத்துக்காத. நான் இப்பவே அந்த ஏற்பாட்டை எடுத்துடறேன், அவர்கிட்டயும் பேசறேன்."

ஸ்டோர்காரர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"எடுக்காத. அப்படியே இருக்கட்டும். அவன்கிட்டயும் எதுவும் சொல்லாத. இதையாவது எனக்காகச் செய்."

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு மேடத்தின் அறையில் நாற்காலி போட்டார்கள். மேடம், வரவேற்புப் பெண், இன்னும் இரண்டு பேர், அப்புறம் மெக்கானிக். வேலை உடுப்பின்மேல் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சாட்சிக்கு அது எடுப்பாக இருந்தது. எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வந்தன. தன் போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தார் ஸ்டோர்காரர். மணியோசையை முழுதாக ஏற்றியிருந்தார்.

நான்கு மணிக்கு அந்த வாரக் கடிதம் தானாகக் கிளம்பியது. யாரும் கவனிக்கவில்லை.

"சொல்லுங்க," என்றார் மேடம். "இந்த லெட்டரை யார் படிக்கறீங்க?"

மெக்கானிக் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் பிஸ்கட்டுமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "நான் படிக்கறேன் மேடம். ஒரு வாரம் விட்டதில்ல. வேலை நடுவுல போனை நோண்டிட்டு இருக்க வேண்டியதில்ல, எல்லாத்தையும் அவரே சல்லடை போட்டுச் சலிச்சுக் குடுத்துடறார். அது இல்லேன்னா நம்ம வேலை ஓடாது."

நன்றாகத்தான் பேசினான். இரண்டு தடவை ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. மேடம்கூடத் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். ஸ்டோர்காரரின் கை தானாக நகர்ந்து போன்மேல் போய் உட்கார்ந்தது. ஓசையை அமுக்க ஒரு விரல் போதும். இதே நாற்காலியில் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். நாளைக்கும் எட்டு மணி வரும், ஒன்பது வரை அது அவருடையது. என்ன, படிக்கத்தான் யாரும் இல்லை. இதுநாள் வரைக்கும் மட்டும் யார் இருந்தார்கள்?

"சொந்த மச்சான்ங்கறதுக்காகச் சொல்லல மேடம்," என்றான் மெக்கானிக். "மனசாட்சிக்குத் தெரிஞ்சு சொல்றேன்."

ஸ்டோர்காரர் போன்மேலிருந்து கையை எடுத்தார்.

போன் கிணிங் என்றது. திரை ஒளிர்ந்தது. அனுப்பியவர் இடத்தில் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவனின் முகம், வட்டமாக, சிரித்துக்கொண்டு.

"யாரு?" என்றார் மேடம்.

"இவர்தான் மேடம்."

எல்லாரும் மெக்கானிக்கின் கைகளைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். ஒன்றில் டீ இருந்தது. மற்றதில் இருந்த பிஸ்கட் நுனி ஊறி, கப்புக்குள் மெதுவாக விழுந்தது.

மேடம் போனை எடுத்து வாசித்தார். "படிச்சேன் மச்சான். மூணாவது விஷயம் சூப்பர்." தன் லேப்டாப்பைத் திருப்பி, தனக்கு வந்திருந்த கடிதத்தைத் திறந்தார். இரண்டு வருஷத்தில் அவர் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை என்று, தேடின விதத்திலேயே தெரிந்தது. "இதுல மூணாவது எங்க இருக்கு? ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு?"

வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான்..." என்றான் மெக்கானிக். அதற்கு மேல் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

மேடம் அவனைக் கவனிக்கவில்லை. இருந்த அந்த ஒன்றையே படித்துக்கொண்டிருந்தார். முகம் மாறியது.

"நீல ஸ்டிக்கர் பூட்டு. மாட்டக் கூடாது. இது எப்ப வந்த அறிவிப்பு?"

"போன வாரம் மேடம். புதன்கிழமை."

"புதன்கிழமை வந்ததை எப்ப சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை லெட்டர்ல." கொஞ்சம் நிறுத்தி, "மூணாவதா," என்றார்.

"ஏன் புதன்கிழமையே சொல்லல?"

இந்தக் கேள்விக்கு ஸ்டோர்காரர் தயாராக இருக்கவில்லை. அது 'இன்றே' ஃபோல்டருக்குத்தான் வந்தது. படித்த உடனே அவருக்குத் தோன்றியது, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பதல்ல. இந்த வாரம் மாப்பிள்ளைக்கு அருமையான மூணாவது கிடைத்துவிட்டது என்பதுதான். இரண்டு நாள் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளில் யாரும் பூட்டுக் கேட்டு வரவில்லை. அதுவும் அவர் சாமர்த்தியம் அல்ல.

"தப்புதான் மேடம்," என்றார்.

மேடம் லேப்டாப்பை மூடினார்.

"எட்டு மணிக்குப் போல்ட் எண்ணுங்க," என்றார் மேடம். "பாதுகாப்பு அறிவிப்பு மட்டும் பார்த்தா போதும். பார்த்த அன்னிக்கே சொல்லணும். எப்படிச் சொல்வீங்க?"

"பெருசா எழுதி ஸ்டோர் ஜன்னல்ல ஒட்டறேன். சாமான் வாங்க வர்றவங்க அதைச் சத்தமாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாதான் சாமான்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸ்டோர்காரர் போல்ட் எண்ணினார். நாற்பத்தொன்றில் நான்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை மோட்சத்துக்கு அனுப்பியிருந்தார். அதில் பத்துப் பதினைந்து தினமும் திறந்து படித்தவைதான். மூன்று வாரச் சட்டத்தை அவரே மீறியது அது ஒருமுறைதான்.

பத்து மணிக்கு ஜன்னலில் நிழல் விழுந்தது. மெக்கானிக். ராத்திரி சரியாகத் தூங்காத முகம்.

"மச்சான், நான் வேணும்னு பண்ணல. அவதான்... சரி, அவ மேல பழி போடல. நானும் தெரிஞ்சுதான் விட்டேன். இனிமே லெட்டர் போடு மச்சான், ஒரு எழுத்து விடாம நானே படிக்கறேன்."

ஸ்டோர்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டினார். மெக்கானிக் அதைப் பார்த்தான். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையனைப்போல் படிக்க ஆரம்பித்தான். முதல் விஷயம் நீல ஸ்டிக்கர் பூட்டு. இரண்டாவது, கயிற்றுக்குப் போடும் எண்ணெய். மூன்றாவது வந்ததும் குரல் தடுமாறியது. அவசரக் கால மணியின் பேட்டரியைப் பற்றிச் சாதாரணமாக இரண்டு வரி. அதையும் படித்து முடித்தான். பின்னால் நின்ற ஒருவன், "எப்படிண்ணே, சூப்பரா?" என்றான்.

ஸ்டோர்காரர் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை."

பேனாவை எடுக்கப் போன மெக்கானிக்கின் கை நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவன் கேட்காத மரியாதை அது.

"என்ன மச்சான்... போடுங்கன்னு எல்லாம் சொல்றே?"

"பக்கத்துல தேதியும் போட்டுடுங்க," என்றார் ஸ்டோர்காரர். "அடுத்து யாருப்பா?"